எழுத்தின் குறையா, ஏற்பாட்டின் குறையா?

உயிரிப் பொறியியலில் ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பிக்கும் நம் ஊர்க் கல்லூரி ஆசிரியர்கள் வருஷந்தோறும் வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், முதல்வர்களின் அறையிலிருந்து கருத்தரங்க மேடை வரையில் கிடைக்கும் பதில் ஒன்றே: நம்மவர்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை. விஷயம் இருக்கிறது, அதை எடுத்துச் சொல்லும் விதம்தான் பிடிபடவில்லை என்று சிலர் பரிவோடு சொல்கிறார்கள். ஆங்கிலம் போதாது, படிவத்தைப் படிக்கும் பொறுமையும் போதாது என்று வேறு சிலர் கண்டிப்போடு சொல்கிறார்கள். பரிவும் கண்டிப்பும் வேறானாலும் இரு சாராரும் வந்து சேரும் முடிவு ஒன்றுதான். இரண்டு நாள் பயிலரங்கம் ஒன்றை நடத்தி, நோக்கத்தை எப்படி எழுதுவது, வரவுசெலவை எப்படிப் பிரித்துக் காட்டுவது, மதிப்பீட்டாளரின் மனத்தை முதல் பக்கத்திலேயே எப்படிக் கவர்வது என்று கற்றுக்கொடுத்துவிட்டால் குறை நிவர்த்தியாகிவிடும் என்பதே அந்த முடிவு.

தியாகராய நகரில் நான் வசிக்கும் தெருவிலேயே கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். கிண்டிக்கும் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கு அப்பாலுள்ள பொறியியற் கல்லூரிகளுக்கும் அன்றாடம் போய் வருகிறவர்கள் அவர்கள். மாலையில் நடேசன் பூங்காவில் சந்திக்கும்போது அவர்களுள் பாதிப்பேர் இந்த அபிப்பிராயத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு, தம் எழுத்தைத் தாமே குறை கூறிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது அதுவே. ஏனெனில் இந்த அபிப்பிராயம் தவறானது மட்டுமன்று, தீமை பயப்பதும் ஆகும். நிதியைப் பங்கிடும் ஏற்பாட்டில் இருக்கும் குற்றத்தை எடுத்து, நிதி கேட்டு நிற்பவரின் தலையில் அது சுமத்துகிறது. சுமத்தப்பட்டவரும் தலைகுனிந்து அதைச் சுமக்கிறார்.

மறுப்பதற்கு முன் எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது நியாயம். அவர்கள் சொல்வது இதுதான். பொதுப்பணத்துக்குப் போட்டி கடுமை. கடுமையான போட்டியில் தெளிவாக எழுதப்பட்ட விண்ணப்பமே முந்தும். சென்னை ஐ.ஐ.டி. போன்ற ஸ்தாபனங்கள் தொடர்ந்து நிதி பெறுவதும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெறாததும் இதை நிரூபிக்கின்றன. மேனாடுகளில் பெரிய சர்வகலாசாலைகள் எல்லாம் விண்ணப்பம் எழுத உதவுவதற்கென்றே தனி அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. அந்தக் கலையை அவர்கள் மதிக்கிறார்கள், நாம் மதிக்கவில்லை. தெளிவில்லாத எழுத்து தெளிவில்லாத சிந்தனையின் அடையாளம் ஆகையால், எழுத்தைத் திருத்தினால் சிந்தனையும் திருந்தும். இவையே அவர்களுடைய பிரமாணங்கள்.

தெளிவாக எழுதுவது நன்று என்பதை நான் மறுக்கவில்லை. பொறியியல் ஆசிரியர்கள் நன்றாக எழுதக் கற்பது அவர்களுக்கும் மாணவர்களுக்கும் எல்லா வகையிலும் பிரயோஜனமானதே. ஆனால் நன்மையான ஒரு காரியம் வேறு, ஒரு நோய்க்கு மருந்து வேறு. பல் துலக்குவது நல்ல பழக்கம் என்பதால் அது காய்ச்சலைத் தீர்த்துவிடும் என்று யாரும் சொல்வதில்லை.

முதலில், எழுத்தில் செலவிடும் உழைப்புக்கும் கிடைக்கும் நிதிக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். 2012ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்கு 3,727 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றை எழுதுவதற்கு அந்நாட்டு ஆய்வாளர்கள் செலவிட்ட காலத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தவர்கள், அது ஒரு மனிதர் 550 வருஷம் வேலை செய்யும் காலத்துக்கு ஏறத்தாழச் சமம் என்று கண்டார்கள். அவற்றுள் ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது: கூடுதல் நாட்கள் செலவிட்டுத் தீட்டித் தீட்டி எழுதியவர்களுக்கு வெற்றி வாய்ப்புக் கூடியதாகத் தெரியவில்லை. விண்ணப்பம் எழுதும் கலையை நம்மைவிட மதிப்பதாகச் சொல்லப்படும் ஒரு நாட்டின் கணக்கு இது.

எழுதுகிறவர் பக்கம் இப்படியிருக்க, படிக்கிறவர் பக்கமும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு வந்து, முதல் முறையிலோ திருத்திய பின்போ நிதி பெற்றுவிட்ட 25 விண்ணப்பங்களை எடுத்து, 43 மதிப்பீட்டாளர்களிடம் மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள் விஸ்கான்சினைச் சேர்ந்த ஆய்வாளர்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு எவரையும் திடுக்கிடச் செய்வது. ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் இட்ட மதிப்பெண்கள், வெவ்வேறு விண்ணப்பங்களுக்கு இருவர் இட்ட மதிப்பெண்களைவிட எவ்வகையிலும் நெருங்கியிருக்கவில்லை. மோசமான விண்ணப்பத்தையும் நல்ல விண்ணப்பத்தையும் பிரித்தறிவது மதிப்பீட்டாளர்களுக்குச் சாத்தியமே. ஆனால் நல்லவற்றுள் எது மிக நல்லது என்று வரிசைப்படுத்துவது அவர்களால் ஆகவில்லை. போட்டி எவ்வளவுக்கெவ்வளவு கடுமையாகிறதோ அவ்வளவுக்கவ்வளவு இந்த இரண்டாவது வேலையே அவர்கள் கையில் மிஞ்சுகிறது. அந்நிலையில் தோற்றவரைப் பார்த்து, உனக்கு எழுதத் தெரியவில்லை என்று சொல்வதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

இனி, உயிரிப் பொறியியலுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இத்துறையில் ஒரு நல்ல விண்ணப்பம் எங்கே பிறக்கிறது? எழுதும் மேஜையில் பிறப்பதில்லை என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் சத்திர வைத்தியர், தொழுநோயாளிகளின் கால்கள் புண்ணாகிக் குறைந்துபோவது அவர்களின் சதையில் உள்ள அழிவினால் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கால்களை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்த்து, வேறோர் உண்மையைக் கண்டார். உணர்ச்சியற்ற கால், வலி சொல்லி எச்சரிக்காததனால், நடக்கும்போது விழும் அழுத்தத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வாங்கிப் புண்ணாகிறது என்பதே அது. ஆகவே மருந்தைத் தேடுவதோடு நில்லாமல் அவர் செருப்பையும் தேடினார். அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரவச் செய்யும் மென்மையான அடித்தளம் வேண்டும் என்பது ஒரு பொறியியல் முடிவு. ஆனால் அது நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்த வைத்தியருக்குக் கிடைத்தது. பின்னாளில் அவர் அமெரிக்காவுக்குப் போனபோது, வேலூரில் கற்ற அந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கும் அங்கே பயன்பட்டது.

இரண்டாவது சாட்சி திருவனந்தபுரத்திலிருந்து. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இதய சத்திர வைத்தியர் எம்.எஸ். வலியத்தான், பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் முதலியோரைத் துணைகொண்டு செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்க முற்பட்டார். மூன்று மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. நான்காவது மாதிரியில், கடினமான உலோகக் கலவைக் கூட்டுக்குள் உறுதிமிக்க பாலிஎத்திலீன் தட்டு ஒன்று சாய்ந்து திறந்து மூடும்படி அமைத்ததே நிலைத்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. பிறகு நம் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் உற்பத்தியை ஏற்று நடத்த, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் நெஞ்சில் அந்த வால்வு துடித்திருக்கிறது. முயற்சி தொடங்கியதிலிருந்து முதல் நோயாளி வரையில் பத்து வருஷங்களுக்கும் மேலாயின. மூன்று வருஷத் திட்டம், ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் இன்ன பலன் என்று முன்கூட்டியே கட்டம் போட்டுக் காட்டவேண்டும் என்னும் இன்றைய படிவத்தில், மூன்று முறை தோற்றபின் நான்காம் முறை ஜெயிப்போம் என்று எழுதுவதற்கு எந்தக் கட்டம் இருக்கிறது? எவ்வளவு நயமாக எழுதத் தெரிந்தவரானாலும் அங்கே எதை எழுதுவார்?

மூன்றாவது சாட்சிக்கு நாம் தியாகராய நகரிலிருந்து அடையாற்றை நோக்கிச் சிறிது தூரம் போனால் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார், சி.வி. ராமனின் பரிந்துரையை ஏற்று, 1952இல் முப்பது வயதை ஒட்டிய ஜி.என். ராமச்சந்திரனைக் கிண்டி வளாகத்தில் பௌதிகப் பேராசிரியராக அமர்த்தினார். ஆய்வுக்கு வேண்டிய வசதிகளைச் செய்துகொடுத்தார். என்ன ஆராய்வாய் என்று கட்டம் போட்டுக் கேட்கவில்லை. இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னல் என்னும் விஞ்ஞானி, கொல்லாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சினூடே சொன்னது ராமச்சந்திரனின் மனத்தில் தைத்தது. பக்கத்திலேயே, 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோலுக்குத் தோலாக இருப்பதே கொல்லாஜன் ஆகையால் ஆராய்வதற்கு வேண்டிய பொருள் அங்கே கிடைத்தது. 1954 ஆகஸ்டில், அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜனின் மும்மடிச் சுருள் அமைப்பை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் காயத்துக்கு இடும் கொல்லாஜன் உறைகளுக்கும், திசுக்களை வளர்க்கும் சாரங்களுக்கும் அடிப்படையாக நிற்கும் அறிவு அது. அத்தகைய உறைகளை அதே தோல் ஆராய்ச்சி நிலையமும் பின்னாளில் உருவாக்கியது.

இந்த மூன்று வரலாறுகளிலும் பொதுவாக நிற்பவை எவை? நோயாளியோ, ஆராயும் பொருளோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருவரை நம்பி, விண்ணப்பத்துக்கு முன்னரே இடமும் கருவியும் கொடுத்த ஸ்தாபனம் இருந்தது. தோல்வியைப் பொறுக்கும் கால அவகாசம் இருந்தது. எழுத்து நயம் இவற்றின் விளைவாகப் பின்னர் வந்திருக்கலாம். இவற்றை அது படைக்கவில்லை.

அப்படியானால் ஐ.ஐ.டி.களின் வெற்றி எதைக் காட்டுகிறது என்று கேட்பார்கள். 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் கொண்டுவரப்பட்டபோது மத்திய அரசே ஒரு கணக்கைச் சொல்லிற்று: அதற்கு முன்பிருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் நிதியில் ஏறத்தாழ 65 சதவீதம் ஐ.ஐ.டி.களுக்குச் சென்றது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 11 சதவீதமே கிடைத்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிக்கையில் எங்கே மிகுதி என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த இடைவெளியை எழுதும் திறமையின் இடைவெளி என்று சொல்வது, பசித்தவனுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்வதாகும். மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம் நடத்துகிறார், விடைத்தாள் திருத்துகிறார், நாக் என்னும் தர மதிப்பீட்டுக் குழு வருமுன் கோப்புகளை அடுக்குகிறார், மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராகவும் அனுப்பப்படுகிறார். அவருடைய ஆய்வகத்தில் உள்ள நுண்ணோக்கி பாடத்துக்காக வாங்கியது. செல்களை வளர்க்கும் வசதி இல்லை. அந்த வளாகத்தில் மருத்துவமனையும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் மறுவாழ்வுக் கருவிகளை உருவாக்கும் மையம், ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை ஆதரவுடன் ‘அரைஸ்’ என்னும் எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலியை உருவாக்கி, 2019இல் ஏறத்தாழ 15,000 ரூபாய்க்கு வெளியிட்டது. அந்தப் பெருமையை நான் முழு மனத்தோடு போற்றுகிறேன். ஆனால் அங்கே பட்டறை இருந்தது, உற்பத்தி செய்ய ஒரு நிறுவனம் கூட நின்றது, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லும் மாற்றுத்திறனாளிகளின் தொடர்பு இருந்தது. இவை இருந்தமையால்தான் விண்ணப்பத்தில் எழுதுவதற்கு விஷயம் இருந்தது.

என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது ஒரு தனியார் பொறியியற் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. பர்கிட் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் வசிக்கிறாள். விடுமுறை நாட்களில் ஒரு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பாதச் சிகிச்சைப் பிரிவில் தன் சொந்த முயற்சியாகப் போய் உட்கார்ந்திருந்தபோது அவள் கவனித்த ஒன்று என்னை வியக்கச் செய்தது. பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் வெளிநாட்டுக் கருவிகள் எல்லாம் ஷூவுக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. நம் நோயாளிகளோ வெளியில் செருப்பு, வீட்டில் வெறுங்கால், கோவிலில் வெறுங்கால், சமையலறையில் மணிக்கணக்கில் நின்றபடி வெறுங்கால். சிகிச்சைப் பிரிவில் கொடுக்கும், எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர்ச் செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஆகவே புண் உண்டாகும் நேரம் எதுவோ அந்த நேரத்தின் அழுத்தம் எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை. மெல்லிய துணியுறைபோல் காலில் மாட்டிக்கொள்ளும் உணர்வி ஒன்றைச் செய்து, வெறுங்கால் நடையை அளக்கவேண்டும் என்பது அவளுடைய விண்ணப்பம். பால் பிராண்ட் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

விண்ணப்பம் ஒரு நிதி நிறுவனத்துக்குப் போயிற்று. பத்து மாதம் கழித்து, பரிந்துரைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அதனோடு வந்த மதிப்பீட்டாளர் குறிப்புகளை அவள் என் மேஜைமேல் வைத்தாள். ஒருவர், உணர்வி தொழில்நுட்பத்தில் புதுமை இல்லை என்று எழுதியிருந்தார். மற்றொருவர், நோயாளிகளிடமிருந்து முற்கட்டத் தரவு இல்லை என்று எழுதியிருந்தார். மூன்றாமவர், இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்குப் போகவேண்டிய விஷயம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார். "சார், இதில் நான் எதைத் திருத்தி எழுதுவது?" என்று கேட்டாள். மூன்று குறிப்புகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுடைய ஒரு வாக்கியத்தைக்கூட எவரும் குறை சொல்லவில்லை. கருவி செய்யப் பணமில்லாமல் நோயாளியின் தரவு வராது. தரவு இல்லாமல் பணம் வராது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்பது பழமொழியாக இருக்கலாம். ஒரு தேசத்தின் ஆராய்ச்சிக் கொள்கையாக இருக்கலாகாது.

இந்தத் துறையின் தனித்த துர்ப்பாக்கியம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்பது. உயிரித் தொழில்நுட்பத் துறை 1986 முதல் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. பொறியியலுக்கு அனுசந்தான் அறக்கட்டளை இருக்கிறது. புதிய தொழில்முனைவோருக்கு 2012இல் தொடங்கிய பைராக் நிறுவனம் 50 லட்சம் ரூபாய் வரையில் பதினெட்டு மாத உதவி தருகிறது. வாசல்கள் பல. ஆனால் பொறியாளர் குழுவில் வைத்தால் இது வைத்தியம் என்கிறார்கள்; வைத்தியர் குழுவில் வைத்தால் இது கருவிப் பட்டறை என்கிறார்கள். அமெரிக்காவிலும் இந்த இடர்ப்பாடு இருந்தது. அதை உணர்ந்த விட்டேக்கர் அறக்கட்டளை 1975 முதல் 2006 வரையில் தன் செல்வம் முழுவதையும் உயிர்மருத்துவப் பொறியியலுக்கென்றே செலவிட்டு, இளம் ஆசிரியர்களுக்கு நிதி தந்தும் சர்வகலாசாலைகளில் துறைகளையே எழுப்பியும் தன் பணியை முடித்துக்கொண்டது. எழுதும் பயிற்சியை நம்பி அந்த நாட்டில் இத்துறை வளரவில்லை.

நிதி கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நடப்பதை அறியாதவர்களே எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசமுடியும். தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையைச் சுற்றித் தணிக்கையாளர் அலுவலகங்கள் பல உண்டு. மார்ச் மாதக் கடைசியில் அவற்றுள் ஒன்றில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒரு படிவம். அலுவலக வழக்கில் யு.சி. பொது நிதி விதிகளின் 12-ஏ எண் கொண்ட அந்தப் படிவத்தில், வந்த தொகை, செலவான தொகை, வட்டி, மிச்சம் எல்லாம் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனால்தான் அடுத்த தவணை நகரும். முதல் தவணை வந்ததே டிசம்பரில் என்றால், கருவிக்கு விலைப்புள்ளி கேட்டு, கொள்முதல் குழு கூடி, ஆணை அனுப்பி, கப்பலில் பொருள் வந்து சேர்வதற்குள் மார்ச் 31 வந்துவிடுகிறது. செலவாகாத பணம் திரும்பிப் போகிறது. செலவழிக்கவில்லையே என்று கேள்வியும் வருகிறது. அந்தப் பணத்தை நம்பிச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவனுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உதவித்தொகை உயர்த்தப்பட்டது. ஆனால் தவணை நகராத மாதங்களில் அந்த உயர்வு அவனுக்கு ஏட்டளவில்தான். விண்ணப்பத்தை எழுதியவரின் நடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மார்ச் 31 அவருக்காகக் காத்திராது.

இதை அரசும் உணராமலில்லை. 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் அறிவியல் நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தி, அரசின் இணையச் சந்தைக்கு வெளியே கருவி வாங்கவும், விலைப்புள்ளி இன்றி நேரடியாக வாங்கும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தவும் இடம் கொடுத்தது. அனுசந்தான் அறக்கட்டளையும் மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பெரிய நிறுவனங்களோடு இணைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. குறை விண்ணப்பதாரரின் பேனாவில்தான் என்றால் இந்தத் திருத்தங்கள் எதற்கு? வேகம் போதவில்லை என்பது என் வருத்தம். ஆனால் திசை சரியானது, பயிலரங்கக் கட்சியின் திசைக்கு அது நேர் எதிரானது.

எதிர்க்கட்சியின் கடைசி ஆக்ஷேபம் ஒன்று எஞ்சி நிற்கிறது, அதுவே வலிமையானதும்கூட. பொதுப்பணம் கணக்கின்றிப் போகலாகாது. போட்டியும் மதிப்பீடும் இல்லாவிட்டால் வேண்டியவர்களுக்கே பணம் போகும். ராமச்சந்திரனுக்கு முதலியார் கொடுத்த நம்பிக்கையை எல்லோருக்கும் கொடுக்க இயலுமா என்று கேட்கிறார்கள். மெய்தான். ஆகையால் நான் மதிப்பீட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. மதிப்பீட்டாளர் செய்யக்கூடிய வேலையை மட்டும் அவரிடம் கொடுக்கச் சொல்கிறேன். தகுதியுள்ளவற்றைத் தகுதியற்றவற்றிலிருந்து பிரிக்க அவரால் இயலும். தகுதியுள்ளவற்றுக்குள் வரிசை போடுவது பெரும்பாலும் அதிர்ஷ்டமே என்றால், அந்த அதிர்ஷ்டத்தை வெளிப்படையாகவே நடத்துவது நேர்மை. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் குழு 2013 முதல் ஒருவகைச் சிறு நிதிகளைத் தகுதி தேறியவர்களிடையே குலுக்கல் முறையில் வழங்குகிறது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் சமநிலையில் நிற்கும் விண்ணப்பங்களுக்கு 2021 முதல் அதை ஏற்றிருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்த நமக்கு இது புதிதன்று. முதலாம் பராந்தகனின் காலத்தில், கி.பி. 919, 921 என்னும் இரு வருஷங்களில் பொறிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டில், நிலம், வயது, கல்வி, கணக்கு ஒப்படைத்தது முதலிய தகுதிகளை முதலில் கண்டிப்பாகப் பார்த்தார்கள்; தேறியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். தகுதிக்குக் கண்டிப்பு, தேர்வுக்கு நடுநிலை. கணக்குக் கொடுக்காதவரை அங்கே சேர்த்ததே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஆகவே செய்யவேண்டியவை இவை என்று என் சக்திக்கு எட்டியவரை சொல்லி முடிக்கிறேன். முதலாவது, விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு சிறு விதைநிதி: இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ, இரண்டு பக்க மனுவின் பேரில், முதல் மாதிரியையும் முற்கட்டத் தரவையும் உண்டாக்குவதற்காக, எந்தக் கல்லூரி ஆசிரியருக்கும் எட்டும்படி. இரண்டாவது, மருத்துவமனை வாசல்: ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும், கே.கே. நகரின் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும், கிண்டியின் பொறியியற் கல்லூரியும், அடையாற்றின் தோல் ஆராய்ச்சி நிலையமும், ஐ.ஐ.டி.யும் எல்லாம் தியாகராய நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் இந்த ஊரில், ஒரு பொறியியல் ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் நோயாளிகளின் நடுவில் அதிகாரபூர்வமாக உட்காருவதற்கு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். தில்லியில் எய்ம்ஸும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2007இல் தொடங்கிய உயிர்வடிவமைப்புத் திட்டம் இந்த அடிப்படையில்தான் இளைஞர்களை முதலில் மருத்துவமனைக்கு அனுப்பிற்று. மூன்றாவது, மறுப்புக்கு நியாயமான காரணமும், குறித்த நாளுக்குள் பதிலும், விண்ணப்பதாரர் ஒருமுறை விளக்கம் சொல்லும் உரிமையும். நான்காவது, வைத்தியரும் பொறியாளரும் ஒரே மேஜையில் அமர்ந்து படிக்கும் மதிப்பீட்டுக் குழு. ஐந்தாவது, மார்ச் 31இல் காலாவதியாகாத பணமும், மாதம் தவறாத உதவித்தொகையும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இந்தியா செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.64 சதவீதம்; சீனா இரண்டு சதவீதத்துக்கு மேலும், தென்கொரியா நான்கு சதவீதத்துக்கு மேலும் செலவிடுகின்றன. அனுசந்தான் அறக்கட்டளைக்கு ஐந்து வருஷங்களுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தபோது அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பானையில் சோறு இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தும், வெறும் இலையோடு எழுந்தவரைப் பார்த்து, உனக்குக் கேட்டு வாங்கத் தெரியவில்லை என்பது அறமாகுமா? நாம் இறக்குமதி செய்யும் மருத்துவக் கருவிகளின் பெரும்பகுதியை இங்கேயே செய்யக்கூடிய அறிவு இந்த நகரத்தின் கல்லூரிகளில் சிதறிக் கிடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பயிலரங்கங்களை நடத்துகிறவர்கள் நடத்தட்டும். அவற்றில் வாக்கியம் அமைக்கக் கற்றவர்கள் கற்கட்டும். ஆனால் அடுத்த முறை ஒரு கல்லூரி முதல்வர் தம் ஆசிரியரைப் பார்த்து, உங்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுப்பாரானால், அதற்கு முன் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளவேண்டும் என்று கோருகிறேன். அந்த ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தேன்? எந்த மருத்துவமனையின் கதவை அவருக்காகத் தட்டினேன்? முதல் மாதிரி செய்வதற்கு என் கல்லூரி எத்தனை ரூபாய் கொடுத்தது? அவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்தவருக்கே எழுத்தைக் குறை கூறும் உரிமை உண்டு. அதே கேள்விகளை நிதி வழங்கும் நிறுவனங்களிடமும் கேட்க ஆசிரியர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவர்கள் இனியாவது தலைநிமிர்ந்து பயன்படுத்தவேண்டும்.